காகிதத்தில் அம்மாவுக்கு அறுபத்தைந்து

மறதி எந்த வயதில் தொடங்கியது என்று பதுளை கிளினிக்கில் டாக்டர் கேட்டார். நான் அம்மாவின் அடையாள அட்டையை எடுத்து, பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்த்து, அறுபத்தைந்து என்றேன். "இந்த வருசந்தாங்க தொடங்கிச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒரே மூச்சில் இரண்டு பிழை. ஒன்று தெரிந்தே சொன்ன பொய். மற்றது பொய் என்று எனக்கே தெரியாது. கணக்கு டீச்சர் என்று பெயர், வேறென்ன சொல்ல.

தெரிந்து சொன்ன பொய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஏழு வருடத்துப் பொய்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா, நான், என் தம்பி. அப்பா எப்போதோ போய்விட்டார். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அம்மா பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தாயிற்று, எதற்கு இன்னும் இல்லை, எது மருந்து குடிக்கிறது, எதன் தாய் மத்தியானம் பால் கொடுக்க வர மாட்டாள் என்று எல்லாமே அம்மாவின் தலைக்குள் இருந்தது. ஒரு வரி எழுதி வைத்ததில்லை. எழுதத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பள்ளிக்கூட இடைவேளையில் டீ குடிக்கப் போனேன். அம்மா கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தொட்டில்களுக்கு நடுவில் நின்றாள். "இதுக்குக் குடுத்தேனா, அதுக்குக் குடுத்தேனா?" என்று என்னைக் கேட்டாள். நான் அப்போதுதான் உள்ளே வந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? சிரித்தேன். அடுத்த வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். பழைய கதை எதுவும் அவளுக்கு மறக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டது என்று நாள் கிழமையோடு சொல்வாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் செய்ததுதான் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், தோட்டம் தந்த லயத்து வீடு, வரிசையில் ஒரு காம்பரா. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அந்தக் காம்பரா நமக்கு. என் டீச்சர் வேலை தோட்டத்து வேலை இல்லை, அது கணக்கில் வராது. தம்பிக்குப் பதினாறு வயது. பதினெட்டு ஆனால்தான் பேர் பதியலாம். அம்மாவுக்குக் காகிதத்தில் ஐம்பத்தெட்டு, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

தள்ளினேன். ஒவ்வொரு தொட்டிலுக்கும் பின்னால் சுவரில், கஞ்சி கொடுத்ததும் சோக்கட்டியால் ஒரு கோடு போடப் பழக்கினேன். சாயங்காலம் நான் வந்து அழித்துவிடுவேன். இடைவேளை தோறும் ஓடிவந்து சரிபார்ப்பேன். மற்ற டீச்சர்மார், "அம்மா மேல இவ்வளவு பாசமா?" என்று கிண்டல் செய்தார்கள். பாசமாம் பாசம்.

ஒரு நாள் தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். அம்மா சுவர் அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் எல்லாக் கோட்டையும் துடைத்துவிட்டாள். பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடியும் கஞ்சி ஊட்டினாள். ஒரு பத்து மாதப் பிள்ளை வாந்தி எடுத்து, மூச்சு முட்டி, துவண்டுவிட்டது. தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் பிள்ளை தேறிவிட்டது. அதன் தாய் மலையிலிருந்து மூச்சிறைக்க ஓடிவந்து, "டீச்சரம்மா, என்னாங்க ஆச்சு?" என்று கேட்டாள். "சளிங்க, சளி கட்டியிருக்கு" என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் முடிந்தது. அம்மா ஓய்வு பெற்றாள், தம்பி பேர் பதிந்தான், காம்பரா எங்களிடம் இருந்தது. பிறகு அவளை வீட்டோடு வைத்துக்கொண்டோம். வயசாயிருச்சு என்று ஊர் சொன்னது, நாங்களும் ஆமாங்க என்றோம். ஒரு நாள் அவள் தெருவில் இறங்கி, ஹல்துமுல்லை கடைவீதியில், தன் வீடு எது என்று ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்தான் வேன் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் பதுளைக்குக் கூட்டிப்போனேன். எத்தனை நாளாக என்று கேட்டால் ஏழு வருடம் என்று எந்த வாயால் சொல்வது? பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட காலத்திலேயே இவளுக்கு இது இருந்தது என்று ஆகிவிடாதா? அதனால்தான் இந்த வருசம் என்றேன்.

அடுத்த நான்கு வருடத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், திட்டினேன், திட்டியதற்காக அழுதேன். என்னை அக்கா என்றாள், டீச்சர் என்றாள், கடைசியில் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஊரில் இரண்டு பேர் அதையும் பேசினார்கள். பேசட்டும்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லப் பேசுகிறவர். அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து என் முழங்கால் வலிக்கு மருந்தெடுக்கப் பதுளைக்குப் போனபோது வராந்தாவில் கண்டு கூப்பிட்டார். கொழும்பில் சிலர், பெற்றோருக்கு இந்த நோய் வந்து தங்களுக்கு ஒன்றும் இல்லாத ஆட்களைத் தேடுகிறார்கள் என்றார். இரத்தம் எடுத்து, இந்த நோய்க்கு வழிவிடுகிற பரம்பரைக் கூறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு, மனசுக்குள் கணக்குப் போடும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று படம் எடுப்பார்கள்.

"நீங்கள் கணக்கு டீச்சர்தானே, உங்களுக்கு அது சின்ன வேலை" என்று சிரித்தார்.

போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் போனேன். தனியாள். நாளைக்கு எனக்கு இது வந்தால் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள்? தம்பிக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்கள் தலையில் நான் போய் விழ முடியுமா? வருமா, வராதா, வந்தால் எப்போது என்பதைத் தவிர எனக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே இல்லை.

அப்புத்தளையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். முதலில் ஒரு படிவம். பரம்பரைக் கூறு பற்றிய முடிவை அறிய விருப்பமா, இல்லையா என்று ஒரு கேள்வி. விருப்பமில்லை என்பதில் அடையாளம் போட்டேன். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். இரத்தம் எடுத்தபின் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்றார் ஒரு பெண். தேயிலைத் தொழிற்சாலை ரோலருக்குப் பக்கத்தில் வளர்ந்த காது இது, எனக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டில்லை.

கண்ணுக்கு மேலே ஒவ்வொரு எண்ணாக வரும். இப்போது வந்த எண், இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்ததுதான் என்றால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று, ஏழு, மூன்று. அழுத்து. இரண்டு, ஐந்து. அழுத்தாதே. கேட்க எளிது. ஆனால் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை வாங்க வேண்டும், உடனே பழையதை விட்டுவிட வேண்டும், விட்ட இடத்தில் புதியதை வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றி வியர்த்தது. இதைத்தானே அம்மா அத்தனை வருடம் செய்தாள் என்று அங்கே படுத்துக்கொண்டு நினைத்தேன். இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று, அடுத்தது, அதற்கடுத்தது. அவளிடமிருந்து முதலில் போனதும் இதுதான். நினைப்பில் இரண்டு எண்ணைத் தவறவிட்டேன்.

சில மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். என் விடைகள் நன்றாக இருந்தனவாம். படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"தனித்தனி ஆளுக்குச் சொல்லேலாது அம்மா. மொத்தமாத்தான் பார்க்கினம். அந்தக் கூறு இருக்கிற ஆக்களும் இல்லாத ஆக்களும் ஒரே மாதிரி விடை சொல்லுவினம். ஆனால் இருக்கிற ஆக்களின்ர மூளை அதே விடைக்குக் கொஞ்சம் கூடப் பாடுபடுற மாதிரித் தெரியலாம். ஒரே ஏற்றத்தை ஒருத்தர் சும்மா ஏறுறார், மற்றவர் மூச்சு வாங்கி ஏறுறார். மேல வந்து நிண்டாப் பிறகு பார்த்தா ரெண்டு பேரும் ஒண்டுதான். இதுவும் இன்னும் முடிஞ்ச முடிவில்லை."

மூச்சு வாங்கி ஏறுகிறவள் யார் என்று எனக்கா தெரியாது? ஐந்தாம் பாடவேளை முடியும்போது எனக்கு நிற்கத் தெம்பிருக்காது. அதைச் சொன்னேன்.

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதேங்கோ. களைப்பு எல்லாருக்கும் வரும்" என்றவர், அம்மாவின் பழைய கோப்பைப் புரட்டினார். "உங்கட அம்மாவுக்கு அறுபத்தைஞ்சிலதானே தொடங்கினது. வயது போனா வாற வகை. ஐம்பதுகளில வாறதெண்டால்தான் பரம்பரையைப் பற்றி நாங்கள் கூட யோசிப்பம். பயப்பிடாமப் போங்கோ."

அறுபத்தைந்து இல்லை, ஐம்பத்தெட்டு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏழு வருடம்தானே, ஐம்பத்தெட்டும் அறுபதுக்குப் பக்கம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட விடுமுறையில் வெலிமடைக்குப் போனேன். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, அங்கே மரக்கறித் தோட்டக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். நான் போன நேரம் விதைக்கிழங்கைக் கொட்டி, அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். கொழும்புக் கதையைச் சொல்லி, அம்மாவுக்கு அறுபத்தைந்தில் வந்ததால் எனக்குப் பயமில்லை என்றேன்.

பெரியம்மா கிழங்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அடிப் போடி இவளே! அவளுக்கு ஏதுடி அறுவத்தஞ்சு? எனக்கே அப்ப அறுவத்தொண்ணு. அவ எனக்கு ரெண்டு வயசு சின்னவ. காயிதத்துல மட்டும் எனக்கு நாலு வயசு மூத்தவ."

"என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"எங்கப்பா செத்தப்ப எனக்குப் பன்னெண்டு, அவளுக்குப் பத்து. வீட்டுல ஒருத்தருக்காவது முழுச்சம்பளத்துக்கு முழுப்பேரு வேணும், இல்லாட்டி காம்பராவ விடச் சொல்லிருவாங்க. நான் குள்ளம், எனக்கு அரப்பேருதான் குடுத்தாங்க. ஒங்கம்மா நெடுநெடுன்னு வளந்திருந்தா. கணக்கப்பிள்ளைதான் சொன்னாரு, இவளுக்குப் பதினாறுன்னு போட்டுக்கலாம், தொரை கேக்க மாட்டாருன்னு. போட்டாங்க. பெறகு அடையாள அட்ட எடுக்கப் போனப்பவும் தோட்டத்துப் பொஸ்தகத்துல இருந்த வயசத்தான் எழுதுனாங்க. இதெல்லாம் ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அடையாள அட்டைப்படி எனக்கும் அவளுக்கும் இடையில் எவ்வளவு என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கழித்துப் பார்த்திருந்தால் இடித்திருக்கும். ஊர்ப் பிள்ளைகள் கழித்தல் கணக்கில் பிழை விட்டால் காதைத் திருகுகிறவள் நான்.

அங்கேயே, கிழங்குக் குவியலுக்கு முன்னால், கணக்கு ஓடியது. கிளினிக்கில் சொன்னது அறுபத்தைந்து. நான் மறைத்தது ஏழு. ஐம்பத்தெட்டு. கணக்கப்பிள்ளை கூட்டியது ஆறு. ஐம்பத்திரண்டு. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டில் தொடங்கியிருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு. ஆறு வருடம்.

பெரியம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. எழுபதை நெருங்குகிறாள், கடைக்காரனிடம் மிச்சக் காசுக்குச் சண்டை போடுகிறாள். அவளுக்கு வராதது ஒரு ஆறுதல்தான். ஆனால் அவர்களுடைய அப்பா முப்பத்தைந்து வயதிலேயே செத்துப்போனாராம். இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்குமோ என்னவோ, யார் கண்டது?

தம்பியிடம் சொன்னேன். இது அவனுக்கும் உள்ளதுதானே. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, சும்மா கெடக்கிறத ஏன் கெளறுற? டாக்டரே பயமில்லன்னு சொல்லிட்டாரு. விட்ரு" என்றான். அவன் மனைவி பிள்ளைகளை வெளியே அனுப்பினாள்.

விட்டுவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர் வாயில் வராவிட்டால் உள்ளங்கை வியர்க்கும். பஸ் இலக்கங்களை மனசில் பிடித்து இரண்டு பின்னால் எது என்று என்னையே சோதிப்பேன். சரியாக வந்தால் சந்தோஷம் இல்லை, எவ்வளவு பாடுபட்டு வந்தது என்ற சந்தேகம். தவறினால் அன்று சோறு இறங்காது. சாவியை எடுத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் போவேன். இப்படியே ஒரு தவணை போயிற்று. பயத்தைச் சுமப்பது ஒரு வேலை, பயமில்லாதவள் மாதிரி நடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்து நான் ஓய்ந்துவிட்டேன். டாக்டர் தந்த ஆறுதல் என்னுடையது இல்லை, ஏதோ அறுபத்தைந்து வயதுக்காரியின் மகளுக்குத் தந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

பதுளைக்குப் போனேன். என் முறை வந்ததும் உட்காராமலே சொன்னேன். "டாக்டர், அம்மாவோட வயசு பிழைங்க. தொடங்கின வருசமும் பிழைங்க."

"இருங்கோ, இருந்து சொல்லுங்கோ" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கப்பிள்ளை கூட்டியதை, நான் மறைத்ததை, சுவரிலிருந்த கோடுகளை. அந்தப் பத்து மாதப் பிள்ளையையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோப்பை எடுத்து, அறுபத்தைந்தை ஒரு கோட்டால் வெட்டி, ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"இதைக் கொழும்புக்கும் அறிவிக்க வேணும்" என்றார். "ஒரு ஆளை வைச்சு ஒண்டும் தீர்மானிக்கேலாது, விளங்குதோ? உங்கட பெரியம்மா நல்லா இருக்கிறா. வந்தே தீரும் எண்டு இல்லை."

"சரிங்க."

"ஆனால் இனிப் பயப்பிடாதேங்கோ எண்டும் என்னால சொல்லேலாது."

"வேணாங்க. சொல்லாதீங்க" என்றேன்.

அவர் அடுத்த வரியில் பேனாவை வைத்தார். "உங்கட வயது நாற்பத்தாறு எண்டு இருக்கு. இதாவது சரியோ?" பாதி பகிடியாகத்தான் கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். என் பிறப்பைப் பதியவே இல்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அம்மாவிடம், ஐந்து என்றால்தான் முதலாம் வகுப்பில் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்து என்று பதிந்துவிட்டாள். என் காலத்து லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இப்படித்தான், பெரியவர்களுக்குக் கூட்டுவார்கள், பிள்ளைகளுக்குக் குறைப்பார்கள். இளையவளாக இருப்பதில் நட்டமில்லையே என்று நானும் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. இந்த எழுத்திலும் இதுவரை சொல்லவில்லை, பார்த்தீர்களா.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"நாப்பத்தெட்டுங்க" என்றேன்.

வெட்டினார், எழுதினார். பிறகு நான் சரிபார்ப்பதற்காக இரண்டையும் வாசித்தார். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. உங்களுக்கு நாற்பத்தெட்டு. இரண்டும் சரிதானே?

சரிதான் என்றேன். கழிக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கழித்தாகிவிட்டது. நான்கு.